மாத்தூர் பாலம் ஒரு கிலோமீட்டர் இல்லை

முதலில் ஒரு திருத்தம். சில வருடங்களுக்கு முன் கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில், மாத்தூர் தொட்டிப்பாலம் "ஒரு கிலோமீட்டர் நீளம்" என்று எழுதியிருந்தேன். தவறு. அந்த எண்ணை நான் அளக்கவில்லை. எங்கோ படித்தேன், அப்படியே எடுத்து ஒட்டினேன். அதை எழுதியவரும் அப்படித்தான் எடுத்திருப்பார். போன மே மாதம் குடும்பத்தோடு ஒரு மூன்று நாள் சுற்று போனபோதுதான் இது எனக்கு உறைத்தது.

சுற்று இப்படி: திருநெல்வேலி, நாகர்கோவில், மாத்தூர், அங்கிருந்து கேரளத்துக்குள் புனலூர், பிறகு தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை வழியாகத் திரும்ப திருநெல்வேலி. இந்த வட்டத்தில் பார்க்க வேண்டிய பாலங்கள் நான்கு இருக்கின்றன. சுலோசன முதலியார் பாலம், மாத்தூர் தொட்டிப்பாலம், புனலூர் தொங்குபாலம், கழுதுருட்டி பக்கத்துப் பதிமூன்று கண் ரயில் பாலம். சுற்றுலாக் குறிப்புகள், காணொளிகள், பலகைகள் எல்லாவற்றிலும் இந்த நான்குக்கும் இடம் உண்டு. அந்தக் குறிப்புகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பாலங்களிடம் எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவற்றைப் பற்றி நாம் எழுதுகிற விதத்தில்தான் எனக்குப் புகார்.

தண்ணி எங்கப்பா?

மாத்தூரில் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தோம். பக்கவாட்டில் நடைபாதை, அதை ஒட்டி சிமெண்ட் பலகைகள் அங்கங்கே மூடிய தொட்டி. கீழே பறளியாறு, தென்னை, ரப்பர். பெண் ஒரு இடைவெளி வழியாகக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள், "தொட்டிப்பாலம்னு சொன்னே, தண்ணி எங்கப்பா?"

தொட்டி காய்ந்து கிடந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. வெளியே அன்னாசிப்பழம் நறுக்கிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "வெள்ளம் ஜூன்லதான் வரும் மக்களே" என்றார். பெண் பயந்துவிட்டாள். அந்தப் பக்கம் தண்ணீரைத்தான் வெள்ளம் என்பார்கள், இது ஃப்ளட் இல்லை என்று விளக்க வேண்டியதாயிற்று.

விஷயம் இதுதான். கோதையாறு பாசனத் திட்டத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கால்வாய்களுக்குத் தண்ணீர் திறப்பார்கள், பிப்ரவரி முடிவில் அடைப்பார்கள். அதாவது பள்ளி விடுமுறைக் கூட்டம் மாத்தூருக்கு வருகிற ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பாலம் லீவில் இருக்கிறது. நாம் போய்ப் பார்ப்பது, வேலை செய்யாத நேரத்தில் ஒரு வேலைக்காரனை. நான் படித்த எந்தச் சுற்றுலாக் குறிப்பிலும் இந்த ஒரு வரி இல்லை. அந்தக் குறிப்புகளில் இருப்பது வேறு: ஆசியாவிலேயே மிக நீளமானது, மிக உயரமானது, 115 அடி, ஒரு கிலோமீட்டர்.

எண்ணைச் சரிபார்ப்பது

அந்த ஒரு கிலோமீட்டருக்கு வருகிறேன். அந்தக் குறிப்புகளிலேயே இன்னொரு எண்ணும் இருக்கிறது: 28 தூண்கள். ஒரே பத்தியில், அடுத்தடுத்த வரிகளில். இரண்டையும் சேர்த்து வைத்து யாரும் வகுத்துப் பார்க்கவில்லை. 28 தூண்கள் என்றால் 29 இடைவெளிகள். 1000 மீட்டரை 29 ஆல் வகுத்தால் ஓர் இடைவெளி 34.5 மீட்டர், சுமார் 113 அடி. மிக உயரமான தூண் 115 அடி. ஆக, பாலத்தின் நடுவில், தூணின் உயரமும் பக்கத்துத் தூணுக்கான தூரமும் ஏறக்குறைய சமமாக, ஒரு சதுர ஜன்னல் போலத் தெரிய வேண்டும். மாத்தூரின் எந்தப் படத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். நடுவில் இருப்பவை ஒல்லியான நெடு ஜன்னல்கள். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அகலம் இருக்கும்.

திரும்பி நடக்கும்போது அடி எண்ணினேன். போகும்போது 528, வரும்போது 521. என் ஓர் அடிவைப்பு 72 சென்டிமீட்டர் (வீட்டு மொட்டைமாடியில் டேப் வைத்து அளந்தது). பெருக்கினால் சுமார் 378 மீட்டர். அடிக்கணக்கில் 1,240. கூகுள் மேப்பில் அளவுகோலை வைத்தாலும் கிட்டத்தட்ட அதே எண். 29 ஆல் வகுத்தால் ஓர் இடைவெளி 13 மீட்டர் வருகிறது. 1960களின் கான்கிரீட் தொட்டிக்கு நம்பக்கூடிய எண் இதுதான். 34 மீட்டர் இடைவெளியில் தண்ணீர் நிறைந்த தொட்டியை அன்றைக்குச் சாதாரண இரும்புக்கம்பி கான்கிரீட்டில் வைத்திருந்தால், அதுதான் உண்மையில் அதிசயம்.

இது ஏதோ சில்லறைக் கணக்கு, 378 ஆனால் என்ன, 1000 ஆனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டார். நான் சொல்வது இது: ஒரு பாலத்தைப் பற்றி எழுதுகிறவர் அந்தப் பாலத்தைப் பார்த்தாரா என்பதற்கு இந்த எண் ஒரு சோதனை. 10 நிமிடம் நடந்து கடக்க வேண்டிய ஒன்றை 5 நிமிடத்தில் கடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து "ஒரு கிலோமீட்டர்" என்று எழுதினோம் என்றால், நம் கால் சொன்னதை நாம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. முதல் தடவை போனபோது எனக்கும் 5 நிமிடம்தான் ஆனது.

பெயரிலும் இதே கதை. ஆங்கிலத்தில் "ஹேங்கிங்" என்று போட்டுவிட்டார்கள், அதைப் பார்த்துத் தமிழில் தொங்குபாலம், தொங்கும் தொட்டில் என்றெல்லாம் ஆகிவிட்டது. மாத்தூரில் எதுவும் தொங்கவில்லை. 28 கால்களில் அது நிற்கிறது. தொட்டி தொட்டிலாக மாறியது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த அழகில் பாலம் செய்யும் வேலை மறைந்துபோகிறது. தொட்டிலில் குழந்தை இருக்கும், தொட்டியில் தண்ணீர் இருக்கும்.

எதைப் பெரிது என்று சொல்வது

சரி, உயரமும் நீளமும் வேண்டாம் என்றால் மாத்தூரில் பெரிது எது? என் பதில்: அது சுமக்கும் எடை.

தொட்டியின் அகலம் ஏழரை அடி, உயரம் 7 அடி. விளிம்பு வரை நிறைந்தால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 5 டன் தண்ணீர். ஓர் இடைவெளியில், அதாவது இரண்டு தூண்களுக்கு நடுவில், 63 டன். முழுப் பாலத்திலும் 1,800 டன்னுக்கு மேல். நடைமுறையில் விளிம்பு வரை விடமாட்டார்கள், பாதி என்றே வையுங்கள். அப்போதும் 900 டன் அந்தரத்தில், 35 மீட்டர் உயரத்தில், இரவும் பகலும் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு பம்ப் கிடையாது, ஒரு யூனிட் மின்சாரம் கிடையாது. இந்தப் பக்கத்து மலையில் வருகிற பட்டணங்கால் கால்வாயின் மட்டத்தைவிட அந்தப் பக்கத்து மட்டம் கொஞ்சம் தாழ்வு. அவ்வளவுதான் இயந்திரம். 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சரிவு என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 40 சென்டிமீட்டருக்கும் குறைவான இறக்கம். 28 தூண்களும் வெவ்வேறு உயரத்தில், பள்ளத்தாக்கின் சரிவில் நிற்கின்றன. அவற்றின் தலைகள் எல்லாம் அந்த நுணுக்கத்தில் ஒரு கோட்டில் வந்தாக வேண்டும். ஒரு தூண் ஒரு சாண் தாழ்ந்து இறங்கினால் தண்ணீர் அங்கே தேங்கும், அதற்கு முன்னால் வழியும்.

1966-ல் சுமார் 12.90 லட்சம் ரூபாய் செலவில் இது கட்டி முடிக்கப்பட்டது. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் வறட்சிக்காக. 1956 நவம்பர் 1 வரை இந்தத் தாலுகாக்கள் தமிழ்நாட்டில் இல்லை. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து வந்த புதிய மாவட்டம் அது. சேர்ந்து 10 வருடத்துக்குள் அந்த மாவட்டத்தின் கடைக்கோடி வயலுக்கு இந்தப் பக்கத்து அரசு தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. காமராஜர் பெயரைக் குறிப்புகள் சொல்கின்றன, சொல்ல வேண்டியதுதான். ஆனால் "காமராஜர் கட்டிய ஆசியாவின் பெரிய பாலம்" என்று முடித்துவிட்டால், அவர் எதற்காகக் கட்டினார் என்பது விடுபட்டுப்போகிறது. அவர் பார்வை மேடை கட்டவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. விளவங்கோடு பக்கம் நெல் வயல்கள் குறைந்து ரப்பரும் வாழையும் வீடுகளும் வந்துகொண்டிருப்பது அந்தச் சாலைகளில் போகிற யாருக்கும் தெரியும். ஒரு நாள் கடைசி வயலும் போய்விட்டால் இந்தத் தொட்டிக்குத் தண்ணீர் விடக் காரணம் இருக்காது. அன்றைக்கும் பாலம் இருக்கும், படம் எடுக்கக் கூட்டம் வரும். ஆனால் ஒரு தொட்டியின் இணைப்புகளையும், கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட் பூச்சையும் வருடாவருடம் பார்க்க வைப்பது சுற்றுலாப் பயணி இல்லை. தண்ணீர் வரவில்லை என்று கேட்கிற விவசாயி. கசிந்தால் முதலில் நஷ்டப்படுவது அவர்தான். அவர் போய்விட்டால் கேட்க ஆள் கிடையாது.

ஆறு யானைகள்

புனலூரில் இருப்பதுதான் நிஜமாகவே தொங்குகிற பாலம். கல்லடை ஆற்றின் குறுக்கே, ஆல்பர்ட் ஹென்றி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் திருவிதாங்கூர் அரசுக்காகக் கட்டியது, 1877. இரண்டு கரையிலும் கல் தோரணங்கள், அவற்றின் மேலாகப் போகும் இரும்புச் சங்கிலிகள், சங்கிலியில் தொங்கும் மரப்பலகைத் தளம். பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் வந்த பிறகு வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். இப்போது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்.

இங்கே எல்லோரும் சொல்கிற ஒரு கதை உண்டு. பாலம் ஆடுவதைப் பார்த்து மக்கள் ஏறப் பயந்தார்களாம். பொறியாளர் மேலே ஆறு யானைகளை நடக்கவிட்டு, கீழே ஆற்றில் ஒரு தோணியில் தன் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தாராம். இதே கதையை வேறு பாலங்களுக்கும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நடந்ததோ இல்லையோ, நல்ல கதைதான். என் கேள்வி வேறு: இந்தச் சோதனை எதை நிரூபிக்கிறது?

கணக்கு போடலாம். பாலம் வழக்கமாகச் சொல்லப்படுகிறபடி 400 அடி நீளம், 20 அடி அகலம். 8,000 சதுர அடி, சுமார் 740 சதுர மீட்டர். ஒரு யானை 4 டன் என்றால் ஆறு யானைகள் 24 டன். தளம் முழுவதும் பரப்பினால் சதுர மீட்டருக்கு 32 கிலோ. இப்போது யானைகளை இறக்கிவிட்டு, ஒரு திருவிழாக் கூட்டத்தை ஏற்றுங்கள். சதுர மீட்டருக்கு நான்கு பேர், ஆளுக்கு 65 கிலோ: 260 கிலோ. மொத்தம் 190 டன்னுக்கு மேல். யானைகளைப் போல எட்டு மடங்கு.

யானை காலுக்குக் கீழே இருக்கிற பலகையைச் சோதிக்கும், ஓர் இடத்தில் மட்டும் எடை குவிந்தால் சங்கிலி எப்படி நெளியும் என்பதைச் சோதிக்கும். அது முக்கியம்தான். ஆனால் சங்கிலியின் முழு பலத்தையும், கரையில் அது புதைந்திருக்கிற நங்கூரத்தையும் சோதிக்கிறது மனிதக் கூட்டம்தான். நாம் யானையைப் பார்த்துப் பயப்படுகிறோம், நம்மைப் பார்த்துப் பயப்படுவதில்லை. தோணியில் குடும்பத்தை உட்காரவைப்பது பொறியாளரின் தைரியத்தைச் சோதிக்கும், பாலத்தைச் சோதிக்காது.

இதை ஒரு வேடிக்கைக் கணக்காக விட்டுவிட முடியாது, குஜராத்தின் மோர்பி இருக்கிறது. அதுவும் அதே தலைமுறைப் பாலம். மச்சு ஆற்றின் மேல், 1879-ல் திறந்தது. பல காலமாக சுற்றுலாப் பாலம். புதுப்பித்து 2022 அக்டோபர் 26-ல் திறந்தார்கள், அக்டோபர் 30 மாலை அறுந்து விழுந்தது. 135 பேர் இறந்தார்கள், நிறையக் குழந்தைகள். விசாரணைக் குழு சொன்னதில் இரண்டு விஷயங்கள் எனக்கு மறக்கவில்லை. ஒன்று, முக்கிய வடத்தின் 49 கம்பிகளில் 22 முன்பே துருப்பிடித்துப் போயிருந்தன. இரண்டு, பழைய மரப்பலகைகளை எடுத்துவிட்டு அலுமினியத் தளம் போட்டிருந்தார்கள். அதாவது, கண்ணுக்குத் தெரிகிற தளம் புதிது, உயிரைத் தாங்குகிற வடம் பழசு.

நான் மென்பொருள் ஆள். எங்கள் தொழிலில் இது தினமும் நடக்கும்: திரை புதிது, உள்ளே இருபது வருடப் பழைய நிரல். எங்களுக்கு அதிகபட்சம் ஒரு இரவு தூக்கம் போகும்.

மோர்பியையும் புனலூரையும் ஒன்றாக வைக்கவில்லை. கட்டுமானம் வேறு, அகலம் வேறு, பராமரிப்பவர்கள் வேறு. நான் சொல்ல வருவது எழுத்தைப் பற்றி. ஒரு பாலத்தில் வண்டி ஓடுகிறவரை அதற்கு எடைக் கட்டுப்பாட்டுப் பலகை இருக்கும். வண்டி நின்று "பார்க்கும் இடம்" ஆனதும் அந்தப் பலகை போய்விடுகிறது, அதன் இடத்தில் வரலாற்றுப் பலகை வருகிறது. யார் கட்டினார், எந்த வருடம், என்ன மரம், எத்தனை யானை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம், கடைசியாகச் சங்கிலியைச் சோதித்தது எப்போது என்ற இரண்டு வரிகளை வரலாற்றுப் பலகைக்குப் பக்கத்தில் எழுதினால் வரலாறு குறைந்துபோகாது. எந்தத் தொங்குபாலத்தில் ஏறும்போதும் இந்த இரண்டு வரிகளைத் தேடுங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

பார்க்கப்படாத பாலம்

புனலூரிலிருந்து செங்கோட்டை சாலையில் தென்மலையைத் தாண்டி கழுதுருட்டி அருகில், இடது பக்கமோ வலது பக்கமோ என்று யாரும் சொல்லத் தேவையில்லாமல், பதிமூன்று கண் பாலம் தெரியும். கொல்லம் - செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதைக்காகக் கட்டிய கல் வளைவுகள். பாதை 1904-ல் திறந்தது. அகலப்பாதை வேலைக்காக 2010-ல் நின்ற ரயில், 2018-ல்தான் முழுப் பாதையிலும் திரும்பியது. நடுவில் இருந்த வருடங்களில் தண்டவாளத்தில் ஏறிப் படம் எடுப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு இன்றும் சிலர் ஏறப் பார்க்கிறார்கள். அங்கே இப்போது ரயில் வருகிறது, தயவுசெய்து வேண்டாம்.

நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காரணம் அழகு இல்லை. சிறிய மீட்டர் கேஜ் வண்டிகளுக்காக எழுப்பிய வளைவுகளின் மேல் நூறு வருடம் கழித்து அகலப்பாதை ரயில் ஓடுகிறது என்றால், வளைவு என்கிற வடிவத்தின் தாராளம் அது. தொங்குபாலத்துக்கு அதன் சொந்த எடை ஒரு சுமை. கல் வளைவுக்குச் சொந்த எடைதான் பலம்: கற்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருப்பது அந்த எடைதான். மேலே ஏறுகிற ரயில், ஏற்கெனவே இருக்கிற அழுத்தத்தில் ஒரு பங்கு கூடுதல், அவ்வளவே. மாத்தூர், புனலூர், கழுதுருட்டி மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கு மூன்று வேறு விடைகள். நிற்கும் தண்ணீர் எடைக்கு உத்தரம், அகலமான ஆற்றைத் தாண்டச் சங்கிலி, ரயிலுக்கு வளைவு. இவற்றில் "எது பெரிது" என்று கேட்பது, அரிவாளும் ஊசியும் உலக்கையும் வைத்துக்கொண்டு எது நீளம் என்று கேட்கிற மாதிரி.

மூலம் போய்விட்டது, நகல் இருக்கிறது

கடைசியாகத் திருநெல்வேலி. ஊர்க்காரர்கள் பாலம் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லும் முதல் வரி: "லண்டன் வாட்டர்லூ பாலம் மாதிரி கட்டினது." திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்க, தாமிரபரணியின் மேல், 1843-ல் முடிந்த பாலம். 11 வளைவுகள். செலவைத் தன் சொந்தப் பணத்தில் ஏற்றுக்கொண்டவர் சுலோசன முதலியார். மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்ததாக ஊரில் ஒரு கதையும் இருக்கிறது.

வாட்டர்லூ ஒப்பீட்டை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அந்த வாட்டர்லூ பாலம் என்ன ஆயிற்று என்று யாரும் பார்ப்பதில்லை. ஜான் ரென்னி கட்டியது, 1817-ல் திறந்தது, 9 வளைவுகள். தேம்ஸ் நீரோட்டம் தூண்களின் அடியை அரித்துவிட்டது. 1920களில் தூண்கள் இறங்க ஆரம்பித்தன, 1930களில் இடித்துவிட்டார்கள். இப்போது லண்டனில் அந்தப் பெயரில் இருப்பது வேறு பாலம், கான்கிரீட். ஆக, நாம் எதைப்போல என்று சொல்கிறோமோ அது இல்லை. "அதைப்போல" கட்டியது இருக்கிறது, பஸ் ஓடுகிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோதும் நின்றது.

நியாயமாகப் பார்த்தால் பெருமையை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். லண்டனின் பெயரைக் கடன் வாங்க வேண்டிய அவசியம் இந்தப் பாலத்துக்கு இல்லை. ஓர் ஊரின் பாலத்துக்கு இன்னோர் ஊரின் பாலத்தால் மதிப்பு போடுவதும், மாத்தூருக்கு ஆசியாவால் மதிப்பு போடுவதும் ஒரே பழக்கம்தான். ஒப்பிட்டால்தான் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. தோணிக்குக் காத்திருந்த ஒரு ஊர், அடுத்த நாள் காலையில் நடந்து ஆற்றைக் கடந்தது என்பது நமக்குப் போதவில்லை.

ஆனால் திருநெல்வேலி ஒரு விஷயத்தில் மற்ற மூன்றையும்விட நன்றாக நடந்துகொண்டது. பணம் கொடுத்தவரின் பெயரைப் பாலத்துக்கு வைத்து, இன்றும் பஸ் நிறுத்தத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறது. "சுலோசன முதலியார் பாலம் இறங்கு" என்று சொல்கிற வாய்க்கு அவர் யார் என்று தெரியாமல் இருக்கலாம். பெயர் இருக்கிறவரை யாராவது கேட்பார்கள். கேட்டால் யாராவது சொல்வார்கள்.

என்ன எழுதலாம்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. மாத்தூருக்கு ஒரு பலகை எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்:

"இது தண்ணீர் போகும் பாலம். அணையிலிருந்து வரும் பட்டணங்கால் கால்வாய் இங்கே பறளியாற்றைத் தாண்டுகிறது. தொட்டி நிறைந்தால் ஒவ்வொரு மீட்டரிலும் 5 டன் தண்ணீர் இருக்கும். பம்ப் இல்லை. 1966-ல், கல்குளம், விளவங்கோடு வயல்களுக்காகக் கட்டியது. ஜூன் முதல் பிப்ரவரி வரை வந்தால் தண்ணீரைப் பார்க்கலாம்."

இதில் "ஆசியா" இல்லை. ஆனால் இதைப் படித்த குழந்தை, தண்ணி எங்கப்பா என்று கேட்காது. எப்போது வரலாம் என்று கேட்கும்.

பழைய கட்டுரையில் "ஒரு கிலோமீட்டர்" என்பதை அடித்துவிட்டு "சுமார் 380 மீட்டர், நடந்து அளந்தது" என்று மாற்றிவிட்டேன். யாராவது டேப்போ கருவியோ வைத்துச் சரியாக அளந்திருந்தால் சொல்லுங்கள், என் எண்ணையும் மாற்றிவிடுகிறேன். ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை பெண்ணோடு திரும்பப் போகலாம் என்று இருக்கிறேன். அவளுக்குத் தொட்டியில் வெள்ளம் பார்க்க வேண்டுமாம்.